வால் இழந்த குரங்கும் வழி தேடும் பூனையும்

விளையாட்டு என்றதும் ஆசிரியர்களாகிய நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கண்டிப்பு. மேசைக்கடியில் கைப்பேசியை வைத்து விளையாடும் மாணவரைக் கண்டால், அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வது நமது வழக்கம். பதினைந்து ஆண்டுகளாக இதில் நமக்குத் தயக்கம் ஏற்பட்டதில்லை. சென்ற ஆண்டு கல்லூரி நூலகத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி அந்த உறுதியைச் சற்று அசைத்தது. அதையும், அதன்வழி எழுந்த எண்ணங்களையும் மாணவர், ஆசிரியர், சமுதாயப் பெரியோர் ஆகிய முத்திறத்தார் முன்னும் இம்மலர்வழி வைக்க விழைகிறோம்.

நூலகத்தில் ஒரு பூனை

கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவர் ஒருவர். நமது பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்பவர். நூலக மூலையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தார். திரையில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு சிறு பூனை தாவிக்கொண்டிருந்தது. கண்டிக்க வாயெடுத்த நம்மிடம், "ஒரே ஒருமுறை ஆடிப் பாருங்கள் ஐயா, பிறகு திட்டுங்கள்" என்றார். அமர்ந்தோம். பத்து மணித்துளிகளில் நமது பூனை எட்டு முறை இறந்தது. ஒன்பதாம் முறை ஒரு கதவு திறந்தது. அப்போது உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சியை மறைக்க நாம் பட்ட பாடு அந்த மாணவருக்குத் தெரிந்திருக்கும்.

அவ்விளையாட்டின் பெயர் 'காட்டோ ரோபோட்டோ'. அமெரிக்காவைச் சேர்ந்த 'டொயிங்க்சாஃப்ட்' என்னும் சிறு குழுவினர் ஆக்கியது. 2019ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. விண்கலம் ஓட்டும் ஒருவன் தன் வளர்ப்புப் பூனையுடன் செல்கிறான். பூனை விசைப்பலகையின்மீது நடந்து தொலைக்க, கலம் வேற்று நிலத்தில் மோதி விழுகிறது. அவன் கலத்துக்குள் சிக்கிக்கொள்கிறான். அவனை மீட்க வெளியே செல்லக்கூடிய உயிர் அந்தப் பூனை ஒன்றுதான். கிக்கி என்பது அதன் பெயர். சிறிது தொலைவு சென்றதும் அதற்கு ஓர் இரும்புக் கவசம் கிடைக்கிறது. அதற்குள் புகுந்துகொண்டால் அடி தாங்கலாம். பகையைச் சுட்டு வீழ்த்தலாம்.

இவ்விளையாட்டு ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. 1986ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'மெட்ராய்டு' அக்குடும்பத்தின் மூத்தோருள் ஒன்று. இத்தகைய விளையாட்டில் பாதை ஒரே நேர்கோடாகச் செல்வதில்லை. படிதாண்டிக் குதித்து ஓர் அறைக்குப் போகிறோம். அங்கே திறக்க முடியாத கதவு. வேறு வழியே சென்று ஒரு பொருளையோ திறனையோ பெற்றுத் திரும்பி வந்தால் அதே கதவு திறக்கிறது. கண்ட இடத்தையே மீண்டும் காண்கிறோம். ஆனால் இம்முறை அது வேறு இடமாகத் தோன்றுகிறது. நல்ல செய்யுளை இரண்டாம் முறை படிப்பவர்க்கு இவ்வனுபவம் புதிதாக இராது.

நம்மைப் பெரிதும் ஈர்த்த நுட்பம் ஒன்று உண்டு. கவசம் நீரில் இறங்காது. சிறு பொந்துகளில் நுழையாது. அவ்விடங்களில் பூனை கவசத்தை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் நீந்தும், சுவரேறும், இடுக்கில் புகும். ஆனால் ஓர் அடி பட்டாலே உயிர் போய்விடும். வலிமையோடு இருக்கும்போது வழி இல்லை; வழி கிடைக்கும்போது வலிமை இல்லை. இந்த முரணே மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும் அவ்விளையாட்டின் உயிர்நாடி.

ஆடி முடித்து எழுந்தபோது அம்மாணவர் கேட்டார்: "ஐயா, இதுபோல் தமிழில் ஒன்று உண்டா?" நாம் அறிந்த அளவில் விடை கூற இயலவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத வினா என்று சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை.

பாட்டி சொன்ன குரங்கு

அன்றிரவு நமது பழைய குறிப்பேடுகளை எடுத்தோம். எம்.ஃபில். ஆய்வுக்காக, இருபது ஆண்டுகளுக்கு முன், காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில் விலங்குக் கதைகளைத் தொகுத்தபோது எழுதியவை. அவற்றுள் பலமுறை வந்த கதை ஒன்று: வாலில் முள் தைத்த குரங்கின் கதை. தமிழ்நாட்டில் இதைக் கேளாத குழந்தை அன்று அரிது.

குரங்கு முள்ளை எடுக்க நாவிதரிடம் செல்கிறது. முள்ளோடு வாலும் அறுபட்டுப் போகிறது. வாலுக்கு ஈடாகக் கத்தியை வாங்கிக்கொள்கிறது. விறகு வெட்டத் தவிக்கும் கிழவிக்குக் கத்தியைக் கொடுத்து விறகைப் பெறுகிறது. விறகின்றி அடுப்பெரிக்க முடியாமல் இருப்பவளுக்கு விறகைக் கொடுத்துத் தோசையைப் பெறுகிறது. இப்படியே மாற்றி மாற்றி, இறுதியில் ஒரு மேளம் கைக்கு வருகிறது. மரத்தின்மேல் ஏறி அமர்ந்து, தான் இழந்ததையும் பெற்றதையும் வரிசையாகப் பாடி மேளம் கொட்டுகிறது. ஊருக்கு ஊர் பொருள்கள் மாறும், அமைப்பு மாறாது.

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்குக. ஓரிடத்தில் பெற்ற பொருள் அடுத்த இடத்தின் தடையை நீக்குகிறது. தடையை நீக்கியதும் புதிய பொருள் கைக்கு வருகிறது. நாயகன் மன்னன் அல்லன், வீரனும் அல்லன், வாலை இழந்த ஒரு விலங்கு. நூலகத்தில் நாம் கண்ட பூனையின் பயணமும் இதே இலக்கணத்தில்தான் நடக்கிறது. வெளிநாட்டார் நம்மிடமிருந்து இதனைப் பெற்றனர் என்று நாம் கூற வரவில்லை. அத்தகைய வீண்பெருமை ஆய்வுக்கு உதவாது. இவ்வடிவம் நமக்கு அயலானது என்று ஒதுக்குவதற்குக் காரணமில்லை என்பதே நமது கருத்து.

அந்தக் கதையை நமக்குச் சொன்ன மூதாட்டி இன்று இல்லை. கதையை முடித்துவிட்டு, "இத எழுதி என்னப்பா செய்யப் போற? கேக்கப் பிள்ளைக இல்லையே" என்றார். அவர் சொல் பலித்துவிட்டது. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாப்பாக இருக்கிறது. குரங்கு அங்கே அடைபட்டுக் கிடக்கிறது.

விலங்கு பேசுதல் தகுமோ?

விலங்கு நாயகனாவது சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் எண்ணலாம். அவர்கள் நம் சமுதாயத்தின் அறிவு மரபை நினைவுகூர வேண்டும். இந்திய மண்ணில் பிறந்த பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பஹ்லவி மொழிக்குச் சென்றது. அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா அதனை அரபு மொழியில் 'கலீலா வ திம்னா' என ஆக்கினார். கலீலாவும் திம்னாவும் இரு நரிகள். அரசரவையிலும் அறிஞர் மன்றத்திலும் படிக்கப்பட்ட அந்நூல் அரபு உரைநடையின் தொடக்கக்காலச் செல்வங்களுள் ஒன்று. அதே பஞ்சதந்திரத்தை 1826ஆம் ஆண்டு தாண்டவராய முதலியார் தமிழ் உரைநடையில் தந்தார். தமிழ் உரைநடை வளர்ச்சியைக் கற்பிக்கும்போது நாம் தவறாது குறிப்பிடும் நூல் அது. இரு மொழிகளிலும் உரைநடை நடைபயின்ற காலத்தில் அதன் கைபிடித்து நடத்தியவற்றுள் இந்த விலங்குகளும் உண்டு.

திருக்குர்ஆனில் பசு, தேனீ, எறும்பு, சிலந்தி, யானை ஆகியவற்றின் பெயரால் அமைந்த அத்தியாயங்கள் உள்ளன. நபித்தோழர் அபூஹுரைரா அவர்களின் பெயருக்குப் பூனைக்குட்டியின் தந்தை என்பது பொருள். சிற்றுயிரைப் பொருட்படுத்தும் உள்ளம் நமக்கு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை.

பெரியோர் ஐயங்கள்

விளையாட்டால் இளைஞர் கெடுகின்றனர் என்னும் அச்சம் வெற்றச்சம் அன்று. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களால் குடும்பங்கள் சிதைந்ததை நாடு கண்டது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. சூது எவ்வுருவில் வந்தாலும் விலக்கத்தக்கதே. முடிவே இல்லாமல் இழுத்துச் செல்லும் ஆட்டங்களும் உள்ளன. அவை ஆடுவோரின் நேரத்தையே உணவாகக் கொள்பவை. இவற்றையும், தொடக்கமும் முடிவும் உடைய சிறு கதை விளையாட்டையும் ஒரே கயிற்றால் கட்டுதல் முறையாகாது. மஞ்சள் பத்திரிகையும் அச்சிட்ட தாள். நன்னூலும் அச்சிட்ட தாள். தாளைப் பழித்துப் பயனில்லை.

பூனை விளையாட்டிலும் குறை உண்டு. சுடுதல் அதில் மிகுதி. எதிர்ப்பட்டதை எல்லாம் சுட்டு முன்னேறுவது நமக்கு உவப்பாக இல்லை. குரங்கோ யாரையும் கொல்லாமல், கொடுத்தும் பெற்றும் வழி காண்கிறது. ஆதலின் இவ்வடிவத்துக்கு நாம் ஈயக்கூடிய அறமும் நம்மிடம் இருக்கிறது.

தமிழ்த்துறை இத்தகைய அற்பப் பொருளில் ஈடுபடலாமா என்பது மற்றோர் ஐயம். நமக்கு அண்மையில் உள்ள கோட்டையூரே இதற்கு விடை தருகிறது. அங்கு வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார் அரிய நூல்களோடு துண்டு அறிக்கைகளையும், நாடகப் பாட்டுப் புத்தகங்களையும், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்தார். கற்றோர் பலர் கண்ணெடுத்தும் பாராத தாள்கள் அவை. 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் எழுந்தது. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோர் அங்குச் செல்லாமல் எழுத முடிவதில்லை. அற்பம் எது, அரியது எது என்பதைக் காலம் முடிவு செய்யும்போது அது ஆசிரியர்களைக் கலந்துகொள்வதில்லை.

சிறியதே போதும்

இத்தகைய ஆக்கத்துக்குப் பெரும் பொருளும் பெரும் படையும் வேண்டுமே என்று மாணவர் மலைக்கலாம். 2024ஆம் ஆண்டு மே மாதம் 'அனிமல் வெல்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. இருண்ட கிணறு போன்ற உலகில், விலங்குகளுக்கிடையே வழி தேடும் ஆக்கம் அது. பில்லி பாஸோ என்னும் ஒருவர் ஏழாண்டு தனித்து உழைத்து அதனை உருவாக்கினார். அதன் அளவு 40 மெகாபைட்டுக்கும் குறைவு. நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒரு திருமணக் காணொளி அதைவிடப் பெரிது.

தமிழர் கைவண்ணத்துக்கும் சான்று உண்டு. கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள 'விசை கேம்ஸ்' என்னும் குழு 2023ஆம் ஆண்டு 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதில் தாவுதலும் இல்லை, விலங்கும் இல்லை. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், சிதைந்த சமையல் குறிப்பேட்டைத் துணைக்கொண்டு இட்லி முதலியவற்றைச் செய்கிறாள். மகனோ மெல்ல மெல்லத் தமிழிலிருந்து விலகுகிறான். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் அக்கதை 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகத்தின் விளையாட்டு விருதுகளுள் சிறந்த முதல் ஆக்கத்துக்கான விருதைப் பெற்றது. நமது யாப்பின் பெயரைத் தாங்கிய ஆக்கம் ஒன்று உலக அரங்கில் ஏறியபோது, யாப்பு நடத்தும் நாம் அதனை அறியாதிருந்தோம். இதைக் கூற நாணுகிறோம், எனினும் கூறுகிறோம்.

குறுந்தொகைப் பாடல்கள் நான்கடி முதல் எட்டடி வரை அமைந்தவை. அச்சிறு வெளிக்குள் ஒரு காடு, ஒரு கடற்கரை, ஒரு மனம் முழுமையாக அடங்குவதை நாம் நாள்தோறும் கற்பிக்கிறோம். சுருக்கத்தின் ஆற்றலை உணர்ந்த மொழியினர் சிறு விளையாட்டைக் கண்டு மலைத்தல் ஆகாது.

நமது ஊரின் கட்டுகள்

எங்கே தொடங்குவது? நாம் வாழும் மண்ணிலேயே தொடங்கலாம். செட்டிநாட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணை, முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள். தலைவாயிலில் நின்றால் கடைவாயிலின் வெளிச்சம் தெரியும். ஆயினும் இடையில் எத்தனை கதவுகள், எத்தனை அறைகள், எத்தனை பூட்டுகள்! மேலே ஓட்டுக் கூரை சரிந்து வளவை நோக்கி இறங்குகிறது. மழைநீர் உள்ளே விழுந்து சேமிக்கப்படுகிறது. கீழே ஆத்தங்குடிக் கல் பாவிய தரை. திண்ணையின் கல்லில் ஆடுபுலி ஆட்டத்தின் கோடுகளைச் செதுக்கியிருப்பதும் உண்டு. மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். வழி தேடும் விளையாட்டுக்கு இதனினும் சிறந்த அரங்கு வேண்டுமா?

பூட்டிய வீட்டுக்குள் ஒரு பூனை கூரை வழியே இறங்குகிறது என்று கொள்வோம். வளவில் தேங்கிய மழைநீர் வடிந்தால்தான் இரண்டாங்கட்டுக்குப் போகலாம். அடுப்படியில் கிடைக்கும் ஒரு பொருள் பட்டாலையின் கதவைத் திறக்கும். ஒவ்வோர் அறையிலும் அவ்வறையின் பெயரும், அங்கு வாழ்ந்தோரின் பேச்சும், ஒரு பழங்கதையின் துண்டும் கிடைக்கும். யாரையும் சுட வேண்டுவதில்லை. வாங்கியும் கொடுத்தும் பின்கட்டை அடையலாம்.

இதனைக் கற்பனை விளையாட்டாக மட்டும் கருத வேண்டா. இவ்வீடுகளுள் பல இடிக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன. தூணுக்கு விலை உண்டு. யாரேனும் வாங்கி வேறிடத்தில் நிறுத்துவர். 'வளவு' என்னும் சொல்லுக்கோ 'பட்டாலை' என்னும் சொல்லுக்கோ கடை இல்லை. வீடு போனால் அவை சொல்லாமலே போய்விடும். நமது வகுப்பில் முப்பது மாணவரிடம் இவ்விரு சொற்களைக் கேட்டோம். பொருள் சொன்னவர் நால்வர். அனைவரும் இம்மாவட்டத்தவரே. அகராதியில் இருக்கும் சொல்லைக் குழந்தை தேடிச் செல்வதில்லை. வளவைக் கடந்தால்தான் கதவு திறக்கும் என்றால், மூன்றே நாளில் அச்சொல் அதன் நாவில் ஏறிவிடும்.

செய்யத்தக்கன

நமது துறை செய்யக்கூடியது மூன்று. முதலாவது, நாட்டுப்புறவியல் பாடத்தில் மாணவர் தத்தம் இல்லத்து முதியோரிடம் ஒரு விலங்குக் கதையேனும் கேட்டு, அவர் சொன்ன சொல் மாறாமல் எழுதி வருதல். முஸ்லிம் இல்லங்களில் பாட்டியர் சொல்லும் கதைகளுக்கும் இதில் இடம் வேண்டும். அவை பெரும்பாலும் தொகுக்கப்படவில்லை. இரண்டாவது, கணிப்பொறித் துறையுடன் இணைந்து ஒரே ஒரு சிறு விளையாட்டை உருவாக்குதல். நிரல் அவர்களுடையது, கதையும் சொல்லும் நம்முடையவை. மூன்றாவது, ஆக்கியதை அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் கொடுத்து, அவர்கள் எந்தச் சொல்லில் தடுமாறுகின்றனர் என்று அருகிருந்து கண்டு திருத்துதல்.

கருவிகளுக்கும் குறைவில்லை. விளையாட்டு ஆக்க உதவும் 'கோடோ' என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. முன்பெல்லாம் இத்தகைய மென்பொருள்களில் தமிழை இட்டால் கொம்பு ஒருபுறமும் எழுத்து ஒருபுறமுமாகச் சிதறும். 2023ஆம் ஆண்டு வெளிவந்த அதன் நான்காம் பதிப்பு, கூட்டெழுத்து மொழிகளை முறையாகக் காட்டும் வசதியோடு வந்தது. எழுத்தே சிதைகிறது என்ற பழைய சாக்கு இனிச் செல்லாது.

1939ஆம் ஆண்டு சா. கணேசன் அவர்கள் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்டார். படிப்பறையில் இருந்த காப்பியத்தைப் பொதுமக்கள் நடுவே கொணர்ந்த ஊர் இது. காப்பியத்துக்குச் செய்ததில் நூறில் ஒரு பங்கைப் பாட்டியின் குரங்குக்குச் செய்யக் கூடாதா?

நமக்கு இதில் ஒரு தயக்கம் இருந்ததையும் மறைக்க வேண்டா. பட்டமும் பதவியும் நமக்குக் கவசங்கள். அவற்றோடு வகுப்பில் நின்றால் அடி தாங்கலாம். ஆனால் கடைசி வரிசை மாணவரின் உலகுக்குள் செல்லும் வழி இடுக்கானது. கவசத்தோடு நுழைய முடியாது. அன்று நூலகத்தில் அவர் பக்கத்தில் அமர்ந்து எட்டு முறை தோற்றபோதுதான், அவர் நம்மிடம் முதன்முறையாகத் தமிழைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார்.

அந்த மாணவர் இப்போது இறுதியாண்டில் இருக்கிறார். நமது பழைய குறிப்பேட்டைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறோம். குரங்குக் கதையில் மேளம் எந்த அறையில் இருக்க வேண்டும் என்று நேற்று வந்து கேட்டார். வளவில் இருக்கட்டும் என்றோம். அங்கே கொட்டினால்தான் எல்லாக் கட்டுகளுக்கும் கேட்கும்.